பத்தடி ஹாலில் ஒரு சரவிளக்கு

என் வீட்டுக்காரருக்கு அரண்மனை மோகம். அறுபதுகளில் நாங்கள் இருந்ததோ பம்பாய் மாதுங்காவில் இரண்டாம் மாடியில் ஒரு ஹால், ஒரு சமையலறை. ஒரு தடவை தன் பார்சி மேனேஜர் வீட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டு வந்தார், அவ்வளவுதான். அதன் பிறகு பழைய சாமான் விற்கும் சோர் பஜாருக்கு எந்தப் பழைய பங்களாவின் சாமான் வந்தாலும் அதில் ஒன்று எங்கள் மாடியேறிவிடும். சிங்கக் கால் வைத்த சோபா, பளிங்குப் பலகை போட்ட மேஜை, தங்க முலாம் சட்டத்தில் ஆளுயரக் கண்ணாடி. விக்டோரியா ராணி எப்போது வருகிறாள் என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

சரவிளக்கு வந்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பித்தளைக் கிளைகள், கிளைக்குக் கிளை கண்ணாடித் தொங்கல்கள். மாட்ட வந்த மிஸ்திரியும் அவருமாகச் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. ஹாலின் உத்தரத்தில் இருந்தது ஒரே கொக்கி, அதில் எங்கள் பத்து மாதப் பெண்ணின் தூளி கட்டியிருந்தது. தூளியை அவிழ்த்துவிட்டு அதில் விளக்கை மாட்டினார்கள்.

“கொக்கி தாங்குமா?” என்றேன்.

“தூளி ஆடி ஆடியே அதுக்கு ஒண்ணும் ஆகலை. இது சும்மாத் தொங்கப்போறது.”

இனிக் குழந்தையை எங்கே போடுவது? சோபாவும் மேஜையும் அடைத்தது போக, பாய் விரிக்க மிஞ்சியது நடு ஹால்தான். விளக்குக்கு நேர் கீழே.

மேல் வீட்டு மாமி ஆட்டுக்கல்லைச் சுற்றினாலே தொங்கல்கள் கிலுகிலுக்கும். சாம்பார்ப் பொடி இடிக்கிற நாளில் குழந்தையின் தலைமுடியில் சுண்ணாம்புத் தூள் கிடக்கும். மேலே போய்க் கொஞ்சம் மெதுவாக இடிக்கச் சொன்னேன்.

“மெதுவா இடிச்சா மிளகாய் பொடியாகுமாடி? நீங்க ஜமீன் விளக்கு மாட்டிண்டா நாங்க சாம்பார் சாப்பிடப்படாதா?” என்றாள் மாமி. அவள் கேட்டதும் நியாயம்தான்.

அதன் பிறகு குழந்தை தூங்கும்போதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு விழுந்தால் அவள் மேல் கவிழ்ந்துகொள்வேன், என் முதுகில் விழட்டும் என்று தீர்மானித்திருந்தேன். அந்தத் தீர்மானம் இருந்ததால்தான் என்னால் மூச்சுவிட முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையின் அருகில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மேலே உலக்கை விழ ஆரம்பித்தது. நாலைந்து இடிதான் இருக்கும், தலைக்கு மேல் மளுக்கென்று ஒரு சத்தம், பொலபொலவென்று காரை.

அடுத்து எனக்குத் தெரிந்தபோது நான் சமையலறை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைகள் காலி.

திரும்பிப் பார்த்தேன். அவர் நாலு காலில் குழந்தை மேல் கவிழ்ந்திருந்தார். பனியன் முழுக்கக் காரை. விளக்கு ஒருக்களித்துத் தொங்கியது, விழவில்லை. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

“பயந்துட்டா. பால் குடு.”

அன்று சாயந்திரமே மிஸ்திரியைக் கூட்டி வந்து விளக்கை இறக்கிவிட்டார். நீ ஏன் ஓடினாய் என்று மட்டும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, கடைசிவரை கேட்கவில்லை. என்றைக்காவது கேட்டுவிடுவாரோ என்று அவர் இருந்தவரை பயந்துகொண்டே இருந்தேன்.