தாய்ப்பால் பாடத்தை வளைவில் ஒப்பித்தேன்

பாடம் நடந்தபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் எடுத்த நர்ஸம்மா மேல் ஒரு குறையும் இல்லை.

கொடைக்கானலில் ஆஸ்பத்திரியில் என் மருமகளுக்குப் பிள்ளை பிறந்த மறுநாள் அது. தலைப்பிள்ளை. வழக்கப்படி அவள் அம்மா வீட்டில், அய்யம்பாளையத்தில், பேறுகாலம் பார்த்திருக்க வேண்டும். சம்பந்தியம்மாள் தென்னந்தோப்பில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு கிடந்ததால் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பெற்றது மூன்று. மூன்றும் வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு. பிள்ளை எப்படிப் பால் குடித்தது என்று எனக்கே தெரியாது. அழுதது, முந்தானைக்குள் எடுத்தேன், குடித்தது. யாரும் பாடம் நடத்தவில்லை.

அந்த நர்ஸம்மாவுக்கு என் மருமகள் வயதுதான் இருக்கும். ஒரு கையில் பொம்மைப் பிள்ளை, இன்னொரு கையில் துணியால் தைத்துப் பஞ்சடைத்த ஒரு மார். வார்டில் எட்டுக் கட்டில். வாசலில் அந்தப் பெண்களின் வீட்டுக்காரர்கள் எல்லாம் நிற்கிறார்கள். அவர் அந்தத் துணி மாரைத் தூக்கிப் பிடித்ததும் என் கழுத்து தானாகத் திரும்பிக்கொண்டது.

"பாட்டி, இங்க பாருங்க. வீட்டுக்குப் போனா நீங்கதான் கூட இருக்கப் போறீங்க."

"பாத்துட்டேன் தாயி."

நான் பார்த்தது வெளியே மரத்தில் உட்கார்ந்து யாருடைய பன்னையோ தின்றுகொண்டிருந்த குரங்கை. மருமகள் அசதியில் பாதிக் கண்ணை மூடிக் கிடந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா சீட்டின் ஓரத்தில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "எதுன்னாலும் கேளுங்க, வெக்கப்படாதீங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கொடைக்கானலைத் தாண்டி மேல்மலையில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தோம். நாலாம் நாளிலிருந்தே பிள்ளை வாய் வைப்பான், வழுக்குவான், வீறிட்டு அழுவான். மறுபடி வைப்பான், மறுபடி வழுக்குவான். பால் இல்லை என்று வந்து பார்த்தவர்கள் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நாங்களோ பூண்டு விதைக்கிற ஊர்க்காரர்கள். பால் இல்லை என்று கேள்விப்பட்டதும் ஆளாளுக்குப் பூண்டைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பூண்டுக் கஞ்சி, பூண்டுக் குழம்பு, பாலில் வேகவைத்த பூண்டு. வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்குக் கண் எரிந்தது. மருமகளும் மறுக்காமல் விழுங்கினாள். விழுங்க விழுங்கப் பிள்ளைக்கு அழுகை கூடியது.

ஐந்தாம் நாள் காலையில் என் மகன் பால் பவுடர் டின் ஒன்றை வாங்கி வந்து அடுப்படியில் வைத்துவிட்டான். பாட்டிலையும் வெந்நீரில் போட்டான். டின்னைப் பார்த்ததும் மருமகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குக் குடுக்கணும்னு ஆசையா இருக்கு அத்தை. அந்த நர்ஸம்மா என்னதான் சொன்னாங்க? பாடம் கேட்டது நீங்கதான?"

குரங்கைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

"இரு தாயி. ஒரு எட்டுப் போன் பண்ணிக் கேட்டுட்டு வந்துர்றேன்."

"நான் பண்றேம்மா" என்றான் மகன்.

"அவரு வேணாம்" என்றாள் அவள்.

எங்கள் வீட்டுக்குள் போன் எடுக்காது. பஸ் நிற்கிற வளைவுக்குப் போனால்தான் எடுக்கும். காலை வேளையில் அங்கே லாரியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் பெண்கள் கேரட் கழுவுவார்கள். மூட்டை ஏற்றுகிறவர்களில் ஒருவர் எனக்குக் கொழுந்தன் முறை. ஊரில் யாரைக் கண்டாலும் ஒதுங்கிப் போகிற என்னை வம்புக்கு இழுப்பதென்றால் அவருக்குத் தனிச் சந்தோஷம்.

நான் லாரிக்குப் பின்னால் மறைந்து நின்று நம்பரைப் போட்டேன். லாரி இன்ஜின் உறுமியதால் போனில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டேன். எனக்கு அந்த உறுமலே தைரியம்.

"நர்ஸம்மா, நான் மூணாம் நம்பர் கட்டிலு. பிள்ளைக்கு அது சரியா வரல."

"எதும்மா?"

"அதுதாங்க."

"அதுன்னா எது? சத்தமா சொல்லுங்க. ஒண்ணும் கேக்கல."

"மாரு கல்லு மாதிரி கெடக்கு. பிள்ள வாய வச்சா வழுக்கிட்டுப் போகுது" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். சரியாக அந்த நேரம் பார்த்து டிரைவர் இன்ஜினை நிறுத்தினார்.

கேரட் கழுவிய கைகள் அப்படியே நின்றன. தூக்கிய மூட்டை கொழுந்தன் தோளிலேயே இருந்தது. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஓடினால் போன் எடுக்காதே.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "பிள்ளை இன்னைக்கு எத்தனை தடவ மூத்திரம் போனான்?" என்று கேட்டார்.

"விடிஞ்சதுல இருந்து ஒரு தடவ. நேத்து மூணு."

"கொறச்சல்தான். அஞ்சாம் நாள்ல ஆறு தடவயாச்சும் போகணும். நான் சொல்றத இப்பவே செஞ்சு பாருங்க. சாயந்திரத்துக்குள்ள நாலு துணி நனையலன்னா, இல்ல பிள்ள சோர்ந்து போனா, உடனே தூக்கிட்டு வந்துருங்க. ஆனா பால் இல்லாம இல்லம்மா. பால் நெறஞ்சு இறுகிப் போயிருக்கு. அதான் அவனால பிடிக்க முடியல."

"பால் இருக்காங்க?"

"நெறைய இருக்கு."

"நம்ம ஊருப் பூண்டுன்னா சும்மாவா" என்றார் கொழுந்தன், மூட்டையோடு.

நர்ஸம்மா நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். இந்தத் தடவை நான் கண்ணை எங்கும் விடவில்லை. முடித்ததும், "இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

"நானா?"

"நீங்கதான். அன்னைக்கும் பாத்துட்டேன்னுதான் சொன்னீங்க."

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் அன்றைக்கே அடுத்த பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"கையக் கழுவணும். காம்பச் சுத்திக் கருப்பா இருக்குற எடத்துக்குக் கொஞ்சம் பின்னாடி, மேல கட்டவெரலு, கீழ மத்த வெரலு வச்சு..."

"மொதல்ல வெந்நித் துணி, மதினி" என்றது கொழுந்தன் குரல்.

"மொதல்ல வெந்நித் துணி, கொஞ்ச நேரம் ஒத்தடம். பெறகு வெரல வச்சு நெஞ்சுப் பக்கமா அழுத்தி, சேத்துப் பிதுக்கணும். கொஞ்சம் பாலு வெளிய வந்தா அந்த எடம் மெதுவாயிரும். பெறகு பிள்ளைய..."

எதிரே பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதப் போனார். கேரட் கழுவிய பெண்ணொருத்தி கையைக் காட்டி, "கொஞ்சம் பொறுங்கண்ணே, பிள்ள இன்னும் வாய் வைக்கல" என்றாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

"பிள்ள வாய நல்லாப் பொளக்குற வரைக்கும் பொறுக்கணும். தாயி குனியக்கூடாது, பிள்ளையத்தான் கிட்டக் கொண்டு போகணும். தாடை மாருல ஒட்டணும். காம்பு மட்டும் பத்தாது, கருப்பு எடமும் வாய்க்குள்ள போகணும். குடிச்சா முழுங்குற சத்தம் கேக்கும்."

"கேக்கலன்னா?" என்றார் நர்ஸம்மா.

"எடுத்துட்டுத் திரும்ப வைக்கணும்."

"எப்படி எடுப்பீங்க?"

நான் திகைத்தேன். கொழுந்தனுக்கும் தெரியவில்லை. பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "வாயோரத்துல சுண்டுவெரல விடணும்த்தை. இழுக்கக்கூடாது."

"அதேதான்" என்றார் நர்ஸம்மா. அவருக்கும் இப்போது சிரிப்பு வந்திருந்தது. "யாரும்மா அது? எத்தன பேருக்கு நான் பாடம் எடுக்குறேன்?"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கால் தரையில் படவில்லை. மகனிடம் டின்னைத் தொடாதே என்றேன், வெந்நீரை என்னிடம் கொடு என்றேன், வெளியே போ என்றேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் என்னை வேறு யாரோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டே போனான்.

ஒத்தடம் கொடுத்தோம். விரலை எங்கே வைப்பது என்று சொன்னேன். முந்தின நாள் என்றால் அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட என் வாயில் வந்திருக்காது. ஊர் முன்னால் கத்திய பிறகு வீட்டுக்குள் என்ன வெட்கம்? மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். ஒரு சொட்டு வந்தது. இன்னொரு சொட்டு. டம்ளரைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போய் உற்றுப் பார்த்தேன். பிறகு வந்தது பாருங்கள், நாலைந்து கோடாகப் பிரிந்து நேராக என் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை.

"அய்யோ அத்தை" என்றவள் சிரிக்கத் தொடங்கினாள். நானும் சிரித்தேன். டம்ளர் கையில் நிற்கவில்லை.

"சிரிக்க வைக்காதீங்க. தையல் வலிக்குது."

"நானா சிரிக்க வைக்கிறேன்? பாலு இல்லன்னு சொன்ன அத்தன பேத்தையும் இந்தப் பக்கம் வந்து நிக்கச் சொல்லு."

இடம் மெதுவாகிவிட்டது. பிள்ளை வாயைப் பிளந்தான். அவள் குனியவில்லை. அவனைத்தான் சேர்த்துக்கொண்டாள். முதல் தடவை சரியாக அமையவில்லை. சுண்டுவிரலை விட்டு எடுத்தோம். இரண்டாம் தடவை தாடை ஒட்டியது, கீழுதடு வெளியே மடிந்தது. சப்பினான், சப்பினான், நிறுத்தினான். நான் காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

'க்' என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு இன்னொன்று.

"முழுங்குறான் அத்தை."

வெளியிலிருந்து மகன், "அம்மா, டின்ன ஒடைக்கவா வேணாமா?" என்றான். நான் எட்டிக் கதவைச் சாத்தினேன்.

பகலெல்லாம் குடித்தான். இரண்டாவது துணி நனைந்தது. சாப்பாட்டு நேரத்தில் மூன்றாவது. மேல்மலையில் வெயில் வர யோசிக்கும். நனைந்த துணிகளைக் கரி அடுப்பைச் சுற்றிக் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தோம். நாலு மணி தாண்டியும் நாலாவது இல்லை. மருமகள் வாசலையே பார்த்தாள். மகன் ஜீப்புக்குச் சொல்லிவைக்கப் புறப்பட்டான். நான் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடந்தேன். அப்போது என் முதுகு வழியே சூடாக ஒன்று இறங்கி இடுப்புவரை வந்தது.

"நாலு" என்று கத்தினேன். காலையில் வளைவில் கத்தியதைவிடப் பலமாக.

வாசலைத் தாண்டியிருந்த மகன் திரும்பி ஓடிவந்து, நம்பாமல் என் முதுகைத் தொட்டுப் பார்த்தான். தொட்ட விரலை மூக்குக்குக் கொண்டுபோனான்.

"என்னங்க மோந்து பாக்குறீங்க?" என்றாள் மருமகள், பழையபடி தையலைப் பிடித்துக்கொண்டு.

"பூண்டு வாசன வருதான்னு பாத்தேன்" என்றான் அவன்.