மூதேவி என்று கூப்பிட்டால்

எனக்குப் பெயர் வைக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. குலசாமி பெயரை முறைப்படி வைத்தார்கள். கூப்பிடத்தான் ஆளில்லை. நான் பிறந்த வாரம் அப்பாவை, எங்கள் பேச்சில் நைனாவை, பண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். பண்ணைக்காரரைத் திட்ட வக்கில்லாத மனிதர், தூளியில் கிடந்த என்னை மூதேவி என்றார். அதுவே நிலைத்தது. "மூதேவி துன்னுச்சா?" என்று அக்கறையாகக் கேட்கும்போதும் அதே சொல்தான். அம்மாவும் அப்படியே. மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியதால், என் பெயரைச் சொல்ல வாத்தியாரும் இல்லாமல் போனார்.

ஆரம்பாக்கத்தில் அறுபதுகளில் பெண்பிள்ளையைத் திட்டுவதைக் கொடுமை என்று யாரும் நினைத்ததில்லை. அடித்தால்தான் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வருவாள். எனக்கு அடி விழுந்ததே இல்லை. கை நீட்டாத அப்பன் என்று அவருக்கு ஊரில் நல்ல பெயர் வேறு. விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல் பக்கம் வராதே என்பார். சீதேவி உள்ளே வரும் நேரமாம். நானும் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்வேன். அதை நம்பித்தான் நின்றேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கின. போல்ட் செய்யும் ஒரு கம்பெனியில், அவற்றைப் பொறுக்கி டப்பாவில் அடைக்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள். எனக்குப் பதினெட்டு வயது. அந்த வேலை கிடைத்தால் பகல் முழுக்க அந்தச் சொல் காதில் விழாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நைனாதான் ரயிலில் அழைத்துப் போனார். ஆபீசில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தங்கமான பொண்ணு சார். ஒரு வேலைய சொல்ட்டா முடிச்சிட்டுதான் உக்காரும். இது பொறந்துதான் எங்க ஊட்ல வெளிச்சமே" என்றார். நான் அவர் வாயையே பார்த்தேன். இத்தனை நல்ல வார்த்தைகளை உள்ளே வைத்துக்கொண்டா என்னை அப்படிக் கூப்பிட்டார்? வெளியே வந்ததும், "இன்னா மொறைக்கிற? நட மூதேவி, வண்டி வந்துரும்" என்றார்.

வேலை கிடைத்தது. காலையில் மேஸ்திரி வரிசையாகப் பெயர் படிப்பார். 'ஆஜர் சார்' சொல்ல வேண்டும். முதல் நாள் என் பெயரைப் படித்தபோது, யாரோ ஒருத்தி என்று சும்மா நின்றேன். இரண்டாம் நாளும் அதே கதை. எனக்கு உறைப்பதற்குள் அவர் நாலு பெயர் தாண்டிவிட்டார். "நாளைக்கும் வாயத் தொறக்கலன்னா ஊட்டுக்குப் பூடு" என்றார். அன்று ரயிலில் என் பெயரை நானே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். பெயர் வந்தது. என்னைத்தான் என்று தெரிந்தது. தெரிந்தும் 'ஆஜர் சார்' என்று சொல்ல வரவில்லை. இன்னொருத்தி சேலையை எடுத்துக் கட்டிக்கொள்ளப் போவதுபோல் இருந்தது. மேஸ்திரி இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு நோட்டை மூடிவிட்டு, "ஏ மூதேவி, உன்னத்தான்!" என்று கத்தினார்.

"இன்னா நைனா?" என்றேன், கணீரென்று.

வரிசை முழுக்கச் சிரித்தது. மேஸ்திரியும் சிரித்துவிட்டு ஆஜர் போட்டார். வேலை போகாமல் தப்பியது. மறுநாளிலிருந்து அங்கேயும் எனக்கு அதுதான் பெயர். பதினோரு வருஷம் அந்தக் கம்பெனியில் இருந்தேன். அந்தச் சொல் காதில் விழாத பகல் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.