பக்கத்து வயல்காரரின் தண்ணீரில் ஞானஸ்நானம்

என் கணவர் கடவுளுக்கு இல்லை என்று சொன்னதே கிடையாது. எப்போது என்று மட்டும் சொல்ல மாட்டார். கலியாணம் முடிந்து, கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த நாள்தொட்டு அவருடைய ஞானஸ்நானத்துக்காக நான் காத்திருந்தேன். விதைப்பு முடியட்டும் என்பார். விதைப்பு முடிந்தால் அறுவடை முடியட்டும் என்பார். ஒருமுறை எருமை கன்று போடட்டும் என்றார். எருமைக்கும் உங்கள் ஆத்துமாவுக்கும் என்ன தொடுசல் என்று கேட்டேன். எருமைக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். ஜெபக் கூட்டத்தில் மட்டும் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் அவரை அசைத்தது, கடித்தால் ஆள் தப்பாத ஒரு புடையன் பாம்பு. வாய்க்கால் தண்ணீரை நம்பி விதைக்கும் சிறுபோகத்தில் ஒரு காலை, வயல் வரம்பில் அதை மிதித்துவிட்டார். என்ன நினைத்ததோ, அது கடிக்காமல் போய்விட்டது. முகத்தில் இரத்தமில்லாமல் வீட்டுக்கு ஓடி வந்தார். மாதமொருமுறை மாங்குளத்திலிருந்து சைக்கிளில் வரும் போதகர் அப்போது எங்கள் குசினியில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கே ஞானஸ்நானம் தரவேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். அடுத்த மாதம் ஆயத்தமாக வந்து செய்யலாம் என்றார் போதகர்.

"அடுத்த மாதமும் பாம்பு இப்பிடிப் பேசாமல் போகுமோ, ஐயா?" என்று இவர் கேட்டார்.

எங்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளித்தால் போதாது, ஆள் முழுதாக மூழ்கவேண்டும். குளத்தில் முதலை இருந்தது. ஆண்டவரைச் சோதிக்கக் கூடாது என்று போதகர் குளத்தை மறுத்துவிட்டார். மிச்சம் இருந்தது வயல் வாய்க்கால்தான். அதில் முழங்காலளவு தண்ணீர்கூட இல்லை. இவர் மண்ணை வெட்டிப் போட்டு வாய்க்காலைக் குறுக்கே மறித்தார். தண்ணீர் இடுப்புவரை ஏறியது.

அது யாருடைய தண்ணீர் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மத்தியானம்வரை தண்ணீர் பாய்ச்சுவது பக்கத்துக் கீழ்வயல்காரரின் முறை. அதற்குப் பிறகுதான் எங்கள் முறை.

போதகர் கரையில் நின்று பிரசங்கத்தைத் தொடங்கினார். கீழ்ப்படிதலைத் தள்ளிப்போடக் கூடாது என்பதுதான் பொருள். ஆண்டவர் கூப்பிட்டதும் வலையைப் போட்டது போட்டபடி விட்டுப் போன மீனவர்கள் பிரசங்கத்தில் வந்தார்கள். மகனைப் பலியிடச் சொன்னதும் விடியவே எழும்பிக் கழுதைக்குச் சேணம் கட்டியவர் வந்தார். இவர் தண்ணீருக்குள் நின்று நடுங்கினார். அப்போதுதான் கீழ்வயல்காரர் நெற்றி நிறையத் திருநீறும் தோளில் மண்வெட்டியுமாக வந்து சேர்ந்தார். தண்ணீர் எங்கே நின்றுபோனது என்று வாய்க்கால் நெடுகத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் மனுசன் பண்பானவர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மரியாதையாகப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். அது முடிகிற மாதிரித் தெரியாதபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஐயா, சுணங்கக் கூடாதெண்டு நீங்கள் எவ்வளவு நேரமாச் சொல்லிக்கொண்டு நிக்கிறியள். ஆளைத் தாட்டு எடுங்கோ. என்ர பயிர் வாடுது."

போதகர் ஆமென் சொல்லி, இறங்கி, ஆளைத் தாழ்த்தி எடுத்தார். சேற்றுத் தண்ணீர் வழிய இவர் எழும்பியபோது நான் அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

இவர் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. நேரே கீழ்வயல்காரரைப் பார்த்தார்.

"அண்ணை, போன போகம் உங்கட முறையில களவாத் தண்ணி வெட்டினது நான்தான். இண்டைக்கு என்ர முறையையும் நீங்களே எடுங்கோ."

அது கீழ்வயல்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எங்கள் நெல் அப்போது கதிர் வெளிவரக் காத்திருக்கும் குடலைப் பருவத்தில் நின்றது. அன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் பாதி பதராகிவிடும். துவாயோடு கரைக்கு ஓடினேன். இவர் தலையைத் துவட்டுகிற சாட்டில் காதுக்குள் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, இதை நாளைக்குச் சொல்லியிருக்கலாமே?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு போதகரைப் பார்த்தார்.

"ஐயா, இவாவையும் ஒருக்காத் தாட்டு எடுக்கவேணும் போல கிடக்கு."

போதகர் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு நின்றார். கீழ்வயல்காரர் யோசிக்கவில்லை. மறித்த மண்ணை வெட்டிவிட்டு, அதே கையோடு போய் எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாயும் மடையை அடைத்தார்.