கல்லைக் காட்டினால் போதும்

மனு கிடைத்த முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது விதி. நில அளவைப் பயிற்சியில் தேறினால்தான் பதவி உயர்வு என்பது இன்னொரு விதி. கோவில்பட்டியில் வருவாய்த்துறை எழுத்தராக இருந்த எனக்கு இரண்டும் மனப்பாடம். ஆனால் அலுவலகத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழி மட்டும் தினமும் குழம்பும்.

பிறவியிலேயே எனக்கு ஒரு குரோமோசோம் குறைவு. அதனால் உயரமும் குறைவு. மூளைக்குத் திசையும் வடிவமும் பிடிபடாது. மதுரை டாக்டரின் சான்றிதழை இணைத்துப் பயிற்சியிலிருந்து விலக்குக் கேட்டேன். பதிலே இல்லை.

எப்போதும்வென்றான் ஊர்க் கரிசல் காட்டில் பயிற்சி. நிலத்தின் எல்லைக்கற்கள் எங்கே என்று கண்டுபிடித்துக் காட்டவேண்டும். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்னம்மா, படத்தச் சுத்துதீங்க? காட்டைச் சுத்தி வைக்கச் சொல்லட்டுமா?" என்றார் சர்வேயர். எல்லோரும் சிரித்தார்கள்.

சர்வேயருக்கு அளவுச் சங்கிலி பிடிக்கும் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "படத்த மடிங்கம்மா. வாயால சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. மொதக்கல்லு வேப்பமரத்தடி. அங்கன இருந்து கெணத்தப் பாத்து நடந்தா ரெண்டாங்கல்லு."

சொல்லாகக் கேட்டது எனக்கு மறக்காது. கடைசி நாள் தேர்வில் வரைபடத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் போய்த் தொட்டேன்.

"படத்தையே பாக்கலியே?" என்று இழுத்தார் சர்வேயர்.

"கல்லக் காட்டணும்னுதான் விதி சார். எப்படிக் கண்டுபிடிக்கணும்னு விதியில்ல."

தேறினேன். எனக்கும் வழி தெரியும். அது படத்தில் இல்லை, அவ்வளவுதான். திசையறிவு இல்லாததால் எனக்கு விலக்கு அளிப்பதாகச் சொல்லும் பதில், நான் வருவாய் ஆய்வாளராகி ஐந்தாண்டு காடுகளை அளந்த பிறகு, 1985 மார்ச் 18ஆம் தேதி வந்து சேர்ந்தது.