கேள்விக்குறி போட்ட வட்டம்

"நரம்பு நோயைப் பத்தி நம்ம டாக்டர் எழுதாத பத்திரிகையே கிடையாதுங்க" என்று சொல்லி அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடவுள் வாழ்த்துப் பாடப் பிள்ளைகளை அழைத்துப் போகச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் என்னை அனுப்பியிருந்தார்கள். டீச்சர் வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமையும் சொந்தமில்லை. பாராட்டு யாருக்கு என்பதை வாசலில் கட்டியிருந்த துணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முன்னாடியே தெரிந்திருந்தால் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்திருப்பேன்.

அடுத்து ஒருவர் மைக்கைப் பிடித்து, அவன் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கை நடுக்கத்தைப் பற்றி ஒன்று, மறதி நோயைப் பற்றி ஒன்று, மூளை நரம்பு தேய்வதைப் பற்றி இரண்டு மூன்று. முன்வரிசையில் இருந்த பெரிய மனுஷர்கள் புரிந்ததுபோல் தலையாட்டினார்கள். "டாக்டருக்கு வெளிநாட்டுல பேர் வாங்கிக் குடுத்தது இதுதான்" என்று கடைசியாக ஒன்றைச் சொன்னார். பரம்பரையாக வரும் நரம்பு நோய், வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு குடும்பம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் குடும்பம் நாங்கள்.

என் அப்பா கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை வியாபாரி; நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். நாற்பதைத் தாண்டியதும் அவர் கைகால் தானாக உதற ஆரம்பித்தது. தராசைத் தூக்கினால் தட்டு நிற்காது. முகம் கோணிக்கொள்ளும். அதிர்ந்து பேசாத மனுஷர் அம்மாவைக் கண்டபடி திட்டினார். பட்டப்பகலில் குடிக்கிறான் என்று ஊர் பேசியது. கள்ளை மோந்துகூடப் பார்க்காதவரைப் பற்றி அப்படிப் பேசிய வாயெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மெட்ராஸிலிருந்து ஒரு நரம்பு டாக்டர் வருகிறார், காட்டுங்கள் என்றார்கள். அப்படி எங்கள் தலையில் வந்து விழுந்தவன்தான் இவன்.

ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு விடவில்லை. வீட்டுக்கே வர ஆரம்பித்தான். சின்ன வயசு, கல்யாணம் ஆகாதவன், சொந்த ஊரும் பக்கத்தில்தான், எங்கள் ஜாதிதான். வந்து உட்கார்ந்ததும் அம்மாவிடம் கேட்பான். "உங்க மாமனார் எந்த வயசுல தவறினாருங்க? எப்படித் தவறினாரு? அவர் கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு? யாரு யாரைக் கட்டினாங்க?"

எங்கள் பக்கத்தில் இப்படிக் குடைந்து கேட்பவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மட்டும்தான். அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கிற சாக்கில் பையன் பெண் பார்க்கிறான் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். அவன் வருகிற நாளில் கேசரி கிண்டினாள். எனக்குக் கனகாம்பரம் வாங்கி வைத்தாள். ஒருநாள் அவன் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் நேரா நடந்து காட்டும்மா" என்றான். நடந்தேன். "ரெண்டு கையையும் நீட்டு" என்றான். நீட்டினேன். உள்ளேயிருந்து பார்த்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அப்பாவோடு பிறந்த அத்தை ஒருத்தி இதேபோல் கைகால் உதறி, புத்தி பேதலித்து, கிணற்றில் விழுந்து செத்தவள். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம். அம்மா அதையும் அவனிடம் சொன்னாள். ஏன் சொன்னாய் என்று நான் சண்டைக்குப் போனேன்.

"மறைச்சுக் கட்டிக் குடுத்தாங்கன்னு நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது பாரு" என்றாள்.

அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அம்மா வாசலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனாள். மெட்ராஸில் எவளாவது வளைத்துப் போட்டிருப்பாள் என்று அவளே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு வேறு இடத்தில் பூ வைத்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா வேலூரில் டாக்டர். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் தனியாக வந்தார். தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லி ஒரு ஆங்கிலப் பத்திரிகையை என் கையில் கொடுத்தார். அதில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. அப்பாவின் வியாபாரம் இருந்தது. கிணறு இருந்தது. பேர் ஒன்றுதான் இல்லை; அது எதற்கு, கீழ்பென்னாத்தூரில் இறங்கி எந்தக் கடையில் கேட்டாலும் வழி சொல்லியிருப்பார்கள். நடுவில் ஒரு படம். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். நோய் வந்தவர்களைக் கறுப்பாக அடைத்திருந்தான். தாத்தா கறுப்பு, அத்தை கறுப்பு, அப்பா கறுப்பு. கடைசி வரிசையில் ஒரு வெள்ளை வட்டம், கீழே கேள்விக்குறி. அது நான்.

"பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும்மா. அந்த டாக்டர் உங்ககிட்ட சொல்லலையா?" என்றார் அவர்.

சொல்லவில்லை. வெள்ளைக்காரனுக்கெல்லாம் சொல்லியிருந்தான், எனக்குச் சொல்லவில்லை. கல்யாணம் நின்றது. விஷயம் பரவியதும் அப்புறம் எந்த வரனும் படியேறவில்லை. அப்பா போனார். "என் வாயாலதானேடி எல்லாத்தையும் சொன்னேன்" என்று அரற்றி அரற்றியே அம்மாவும் போனாள். எனக்கு டம்ளர் கை நழுவினால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

மண்டபத்தில் விழா முடிந்ததும் பிள்ளைகளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு நேரே அவனிடம் போனேன். கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை வியாபாரி மகள் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பான் என நினைத்தேன்.

"இப்ப உனக்கு என்ன வயசு?" என்றான்.

"எனக்கும் வரலாம்னு அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"மருந்தில்லாத நோய்மா. சொல்லி என்ன ஆகப்போவுது?"

"ஊரு உலகத்துக்கெல்லாம் சொன்னீங்களே. எங்க அம்மா உங்களை மாப்பிள்ளைனு நெனச்சுதான் எல்லாத்தையும் சொன்னாங்க."

"அடடே, அப்படியா" என்று சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, "அந்தக் குடும்பம் அப்புறம் என்ன ஆச்சுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. இன்னொரு கட்டுரை எழுதணும். கையை நீட்டு, பாக்கலாம்" என்றான்.

அன்றைக்குக் கேட்ட அதே குரல். அவன் தோளில் கிடந்த சால்வையை உருவி எறியலாம்போல இருந்தது. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

"எனக்குக் கேள்விக்குறி போட்டிருக்கீங்க இல்ல. செத்தாலும் அதுக்குப் பதில் எங்கிட்டேருந்து வராது. வச்சுக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முந்தானைக்குள் கை ஆடியதா இல்லையா என்று இதைப் படிக்கிற நீங்களும் கேட்பீர்கள். உங்களுக்கும் சொல்வதாக இல்லை.