தோள் கிழிந்த சட்டை

நஜ்முன் நிஸா மாமியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஒருதரம் எழுதி அவரைத் தலைகுனிய வைத்தவள் நான். அந்தப் புத்தகத்தில் அவர் வெறும் பெயரும் வயதும் ஊரும்தான். அதைவிடப் பெரிய மனுஷி அவர் என்பதையாவது இங்கே சொல்லிவைக்கிறேன்.

கிண்ணியாவில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் ஸெய்னுதீன் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். விடியற்காலையில் சுபஹ் தொழுத கையோடு இடியப்பம் அவித்து இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். மூன்று பிள்ளைகளும் அந்த இடியப்பத்தில்தான் படித்தார்கள். சரியான பகிடிக்காரி. டவுனில் இருக்கும் ஓர்ஸ் ஹில்லில் இருந்து பஸ்ஸில் போய் நான் வாசலில் நிற்கும்போதெல்லாம், "டவுனில சோறில்லையா மகள்? இப்பிடிக் காஞ்சுபோய் வாறீங்க" என்பார்.

நான் போனது கவிக்காக. எங்கள் பக்கத்து முஸ்லிம் பெண்கள் வேலையோடு வேலையாகப் பாடும் நாலடிப் பாட்டைக் கவி என்போம். நான் தமிழ் டீச்சர். மேற்படிப்புக்காகக் கவிகளைச் சேர்த்து, எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறது, ஏன் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். மாமி ஒருவரே நாற்பது கவி தந்தார். ஒருநாள் மாமாவின் சட்டையைத் தைத்துக்கொண்டே பாடினார். நாற்பத்து மூன்று வருஷமாக அவருடைய சட்டையில் வேறு யாரும் ஊசி வைத்ததில்லை.

தோணித் துறையடியில்
தோள்கிழிஞ்ச சட்டையோட
நிண்டவரைக் கண்டன் புள்ள
நூலிருந்தும் தைக்கேலா.

"இது ஆர்ட கவி மாமி?" என்று கேட்டேன்.

"ஆரோ ஒருத்திர கவி. கவிக்கு ஆள் கேக்கக்கூடாது மகள்."

எனக்குத் தெரியாத வழக்கமா? என் உம்மாவும் அப்படித்தான் சொல்லுவா. பாடுகிறவள் தன்னுடையது என்று சொல்லமாட்டாள், கேட்கிறவளும் துருவமாட்டாள். அந்த மறைப்பு இருப்பதால்தான் வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பாடிவிட்டு, எழுந்து அடுப்பைப் பார்க்கப் போக முடிகிறது. இதெல்லாம் தெரிந்தும் ஒவ்வொரு கவியின் கீழும் பாடியவரின் பெயரைப் போட்டேன். போடாவிட்டால் பெண்களின் ஆக்கத்தைத் திருடுவதாகும் என்று எனக்குள்ளே பெரிய நியாயம் வேறு. "புத்தகத்தில உங்கட பேர் வரும் மாமி" என்று சொன்னேன்தான். நன்றி சொல்லும் பக்கத்தில் வரும் என்று நினைத்து அவர் கூச்சத்தோடு சிரித்தார். நான் விளக்கப் போகவில்லை.

வெளியீட்டு விழா டவுனில் நடந்தது. மாமியையும் மாமாவையும் நானே அழைத்து முன்வரிசையில் இருத்தினேன். மாமா பெருநாளுக்கு உடுக்கும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

எனக்கு மைக் கிடைத்தால் வாய் நிற்காது. "கிழிந்த சட்டை பதினொரு கவிகளில் வருகிறது. வறுமையின் அடையாளம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பதினொன்றிலும் அந்தக் கிழிசல் தைக்கப்படாமலே இருக்கிறது. கணவனின் சட்டை என்றால் மனைவி தைத்துக் கொடுத்திருப்பாள். ஆகவே கவியில் வரும் கிழிந்த சட்டைக்காரன் கணவன் அல்ல. பாடுகிறவள் மனதில் இருந்தும் அவளுக்குக் கிடைக்காமல் போனவன்" என்றேன்.

கைதட்டினார்கள். அது தலைக்கேறிவிட்டது. "இதோ, நம்மோடு இருக்கும் நஜ்முன் நிஸா மாமியின் கவி" என்று சொல்லி அந்த நாலடியையும் வாசித்தேன்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாமி முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டிருந்தார். மாமா தன் சட்டையின் தோள் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த கிண்ணியாப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு அந்த மேடையிலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. என் ஆராய்ச்சி சரி, அதுதான் வெட்கக்கேடு. பிழையாக இருந்திருந்தால் திருத்தம் போட்டிருக்கலாம்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. சோதனைத்தாள் திருத்துகிறேன் என்று எனக்கு நானே பொய் சொன்னேன். பிறகு ஒரு ஞாயிறு காலை, வெட்கத்தையும் சுமந்துகொண்டு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் போனேன்.

"வாங்க டீச்சர்" என்றார் மாமி. மகள் போய் டீச்சர் ஆகியிருந்தேன். உடம்பு காய்ந்ததைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

"மாமி, நான் செஞ்சது பெரிய பிழை. அடுத்த பதிப்பில உங்கட பேரை எடுத்துப்போடுறன்."

"இப்ப எடுத்தா, ஏன் எடுத்த எண்டு ஊர் கேக்கும். விடுங்க." அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. தேத்தண்ணி கொண்டுவரக் குசினிக்குள் போனார்.

ஜன்னலடியில் கதிரையில் மாமா இருந்தார். மடியில் சட்டை. தோளில் விட்டிருந்த தையலை அவரே தைத்துக்கொண்டிருந்தார். பெரிய பெரிய தையல், கோணல் மாணலாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசியில் இருந்து நூல் கழன்றது. நுனியை எச்சில் தொட்டு இரண்டு மூன்று தரம் முயன்றார். ஏலவில்லை.

தேத்தண்ணியோடு வந்த மாமி தட்டை வைத்துவிட்டு ஊசிக்காகக் கையை நீட்டினார்.

மாமா அந்தக் கையைப் பார்க்கவில்லை. ஊசியையும் நூலையும் என் பக்கம் நீட்டினார்.

"கண் சரியாத் தெரியுதில்ல. நீங்க கொஞ்சம் கோத்துத் தாங்க டீச்சர்."

மாமியின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அதை மடக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். எனக்கும் மூன்றாம் தரம்தான் நூல் உள்ளே போனது. மாமா அதை வாங்கிக்கொண்டு, குனிந்து, தான் விட்ட இடத்தில் இருந்து தைக்கத் தொடங்கினார்.