பாலத்தோடு நிற்கும் புகை

கொசுப்புகை மெஷினின் இரைச்சல் ஓடைப்பாலம் வரை வந்து, இன்றைக்கும் அங்கேயே அடங்கிவிட்டது. டீசல் வாடை மட்டும் காற்றோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் வருகிறது. எத்தனை வருஷமாய் இந்த வாடை மட்டும்.

சின்ன வயதில் நானும் தங்கச்சி செல்வியும் இக்கரையில் நிற்போம். அக்கரையில் கிராமத்துப் பிள்ளைகள் புகைக்குள் ஓடிக் கூத்தடிப்பார்கள். பாலம் வந்ததும் சுகாதார ஆட்கள் மெஷினை அணைத்துவிடுவார்கள்.

செல்விக்குக் காய்ச்சல் கண்ட அன்று அப்பா பாலத்துக்கே போய்ச் சுகாதார ஆட்களைக் கேட்டார்.

"லயத்துக்கும் கொஞ்சம் அடிங்க மாத்தயா."

"தோட்டம் எங்களுக்குச் சேராது. தொரைகிட்ட கேளுங்க."

தோட்ட மேனேஜர் துரையைக் கேட்டால், அது கவர்மெண்டு வேலை என்றார்.

"அப்ப ரெண்டு பக்கமும் வந்து போறது கொசு மட்டுந்தான்," என்றாள் அம்மா, செல்வியின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே.

காய்ச்சல் இறங்கவில்லை. கொழுந்து லொறியில் அம்மா மடியில் படுக்கவைத்து, பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செல்வி திரும்பி வரவில்லை.

லயத்தில் இப்போதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசலில் நின்று பாலத்தையே பார்க்கிறார்கள்.

அன்றைக்கு லொறி கிளம்பும்போது செல்வி தலையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, புகை நம்ம பக்கம் வந்தா சொல்லி அனுப்பு. நான் ஓடி வந்துர்றேன்."